வாத்தியார் அடிச்சு பையன் விரல் வீங்கிடுச்சு, வக்கீலை எங்க தேடுறதுன்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க எழுதினதை ரெண்டு தடவ படிச்சேன். ஏழாவது படிக்கிற பையன், 12 வயசு முடிஞ்சிருக்கு, திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் ஸ்கூல். வியாழக்கிழமை கணக்கு சார் மரஸ்கேலைத் திருப்பிப் புடிச்சு விரல் முட்டி மேலயே போட்டிருக்கார், முதுகுலயும் தடம் இருக்கு, நடுவிரல் வீங்கி மடக்க முடியல. ஸ்கூல்ல போய் கேட்டதுக்கு "புடிக்கலன்னா டிசி வாங்கிட்டுப் போங்க"ன்னுட்டாங்க. வீட்டுக்காரர் துபாய்ல. தெரிஞ்சவர் மூலமா ஒரு வக்கீல்கிட்ட பேசினா எடுத்த எடுப்புலயே 50,000 கேட்டுட்டார். அவ்ளோ பணத்துக்கு எங்க போறது, நல்ல வக்கீல் எங்க கிடைப்பார்னு கேட்டிருக்கீங்க.

நானும் வக்கீல்தான், கீழ்கோர்ட்டுல ப்ராக்டிஸ், ரொம்ப வருஷமா இலவச சட்ட உதவி பேனல்லயும் இருக்கேன். எங்க தொழிலுக்கு எதிரா பேசுற மாதிரி இருந்தாலும் சொல்றேன், இந்த மாதிரி விஷயத்துல வக்கீல் நாலாவது ஆளு. அவருக்கு முன்னாடி டாக்டர் இருக்கார், பேப்பர் இருக்கு, போலீஸ் இருக்கு. இந்த மூணும் சரியா அமைஞ்சா சுமாரான வக்கீல் வந்தாலே கேஸ் நிக்கும், இந்த மூணும் இல்லாம ஹைகோர்ட் சீனியரைப் புடிச்சாலும் அவரால ஒண்ணும் பண்ண முடியாது.

இதை எழுதும்போது சனிக்கிழமை மதியம். நீங்க இன்னும் பையனை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலன்னு தெரியுது, பக்கத்து க்ளினிக்ல ஆயின்மென்ட் வாங்கித் தடவியிருக்கீங்க. இப்பவே கெளம்புங்க, ஜிஹெச்ல கேஷுவால்டி எந்த நேரமும் திறந்திருக்கும். ஓபி சீட்டு வாங்கிட்டு சும்மா காட்டிட்டு வந்துடக்கூடாது, டூட்டி டாக்டர்கிட்ட "ஸ்கூல்ல வாத்தியார் அடிச்சாருங்க, ஏஆர் போடுங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. ஏஆர்ங்கிறது ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர், அதுல யார் அடிச்சது, எதால அடிச்சது, எப்ப, எங்க, உடம்புல எந்த இடத்துல எத்தனை சென்டிமீட்டர் காயம்னு டாக்டர் கைப்பட எழுதுவார். நாளைக்கு கோர்ட்டுல மொத கேள்வியே இந்த ஏஆர் காப்பிலதான் வரும். பையன் பயந்துக்கிட்டு "விழுந்துட்டேன்"னு சொல்லிட்டா டாக்டரும் அப்படியே எழுதிடுவார், அந்த ஒரு வரியை அப்புறம் அழிக்கவே முடியாது. அதனால போற வழியில பையன்கிட்ட பொறுமையா பேசுங்க, சொல்லிக் குடுக்காதீங்க, நடந்ததை நடந்தபடி சொன்னா போதும், யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க.

விரலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கண்டிப்பா கேளுங்க. வீக்கம்தானேன்னு விட்டுட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். சட்டத்துல சாதாரண காயம் வேற, கொடுங்காயம் வேற. வெறும் அடி, வீக்கம், தடம்னா பாரதிய நியாய சன்ஹிதால 115(2), அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில் இல்லன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், அதுக்கு போலீஸ் தானா எஃப்ஐஆர் போட முடியாது, கோர்ட் அனுமதி வேணும். எலும்பு முறிஞ்சிருந்தா, விரிசலா இருந்தாலும் முறிவுதான், அது 117(2)க்குப் போயிடும், 7 வருஷம் வரை தண்டனை, போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போட்டே ஆகணும். ஆக அந்த ஒரு எக்ஸ்ரே ஃபிலிம்தான் உங்க கேஸ் எந்த ரோட்டுல போகும்னு தீர்மானிக்குது. பழைய ஐபிசி செக்ஷனை வச்சு 323, 325ன்னு யாராச்சும் பேசினா குழம்பாதீங்க, 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்த எல்லாத்துக்கும் புது சட்டம்தான்.

முதுகுல இருக்கிற தடத்தை ஃபோன்ல எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, பகல் வெளிச்சத்துல, இன்னைக்கு ஒரு தடவ நாளைக்கு ஒரு தடவ. ரெண்டு நாள் போனா செவப்பு நீலமாகும், அப்புறம் மஞ்சளாகி மறைஞ்சே போயிடும். ஃபில்டர் போட்டுத் தொலைச்சுடாதீங்க, எடுத்த ஃபோட்டோவை எடிட் பண்ணாம அப்படியே வைங்க. இன்னொரு முக்கியமான விஷயம், அந்த ஃபோட்டோவை எந்த வாட்ஸப் குரூப்லயும் போடாதீங்க, ஃபேஸ்புக்லயும் வேண்டாம். ஒரு அம்மா ஆத்திரத்துல பையன் முகம், பேரு, ஸ்கூல் பேரு எல்லாத்தோடயும் வீடியோ போட்டுட்டு அப்புறம் எங்கிட்ட வந்தாங்க. சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுல பாதிக்கப்பட்ட பிள்ளையோட அடையாளத்தை மீடியால வெளியிடுறதே குற்றம், 6 மாசம் ஜெயில் இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம்னு இருக்கு. எதிர்தரப்பு வக்கீல் அந்த வீடியோவைத்தான் மொதல்ல தூக்கிட்டு வந்தார். பையனும் அடுத்த ரெண்டு மாசம் தெருவுல தலை காட்டல.

அடுத்தது ஸ்கூலுக்கு ஒரு லெட்டர். வாய்ல பேசினது எல்லாம் காத்துல போயிடும். ஒரு பக்கத்துக்குள்ள, தமிழ்லயே எழுதுங்க: இன்ன தேதி, இன்ன பீரியட், இன்ன ஆசிரியர், எதால அடிச்சார், யார் யார் கூட இருந்தாங்க, நீங்க போய் கேட்டப்போ என்ன பதில் சொன்னாங்க. கடைசில "அன்றைய தேதியின் சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்"னு ஒரு வரி. கேமரா பதிவு தானாவே மேல மேல அழிஞ்சுக்கிட்டே போற சிஸ்டம், அதனால அந்த வரி லேட்டா போனா பிரயோஜனம் இல்ல. நேர்ல குடுத்தா நகல்ல சீல் போட்டு வாங்கணும், வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேந்ததுக்கான ஒப்புகையோட அனுப்புங்க (பழைய ரிஜிஸ்டர்டு தபாலை 2025ல அதோட சேத்துட்டாங்க), கூடவே ஸ்கூல் ஈமெயிலுக்கும். திட்டு வேண்டாம், "ரவுடி வாத்தி"ன்னெல்லாம் எழுத வேண்டாம், அந்த லெட்டரை ஒருநாள் ஜட்ஜ் படிப்பார்னு நெனச்சு எழுதுங்க.

போலீஸ் ஸ்டேஷன். ஸ்கூல் எந்த ஸ்டேஷன் எல்லையில வருதோ அங்க போங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், சிறார் நீதிச் சட்டம் 107 அப்படித்தான் சொல்லுது, "அவரைப் பாக்கணும்"னு கேளுங்க. இப்படி ஒரு பதவி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சாலே ரைட்டர் பேசுற தோரணை கொஞ்சம் மாறும், நான் கண்ணால பாத்திருக்கேன். பையனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. 15 வயசுக்குக் கீழ இருக்கிற பையனை விசாரணைக்குன்னு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேக்கணும், போலீஸ், கோர்ட் நடைமுறைக்கான புது சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179ல இருக்கு.

பெரும்பாலும் மொத நாள் சிஎஸ்ஆர் ரசீதுதான் குடுப்பாங்க. அதை வேண்டாம்னு சொல்லிடாதீங்க, நம்பரோட வாங்கிப் பத்திரமா வைங்க, ஆனா அதோட முடிஞ்சதுன்னு நெனச்சுடாதீங்க, சிஎஸ்ஆர் எஃப்ஐஆர் கிடையாது, "மனு வந்துச்சு"ன்னு ஒரு அத்தாட்சி அவ்ளோதான். எலும்பு முறிவுன்னு ரிப்போர்ட் வந்தும் எஃப்ஐஆர் போடலன்னா மனுவை எஸ்பிக்கு தபால்ல அனுப்புங்க, அதே சுரக்ஷா சன்ஹிதால 173(4) அதுக்குத்தான் இருக்கு. அங்கயும் நகரலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல 175(3)ல மனு, அந்த இடத்துலதான் மொத தடவையா உங்களுக்கு வக்கீல் நிஜமாவே தேவைப்படுவார். எஃப்ஐஆர் போட்டுட்டா காப்பி இலவசமா குடுக்கணும், ஜெராக்ஸ் காசுன்னு கூட கேக்கக்கூடாது.

சிறார் நீதிச் சட்டம் 75ம் சேத்துக்கச் சொல்லுங்க. பிள்ளை யாரோட பொறுப்புல இருக்கோ அவரே அடிச்சுத் துன்புறுத்தினா 3 வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 1 லட்சம் அபராதம், இல்லன்னா ரெண்டும். 2021ல அந்தச் சட்டத்தைத் திருத்தினதுல இந்தப் பிரிவை மட்டும் வச்சு போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போட முடியாத நிலைமை வந்துடுச்சு, அதனால ஸ்டேஷன்ல "மேடம் இதுக்கு கோர்ட் ஆர்டர் வேணும்"னு சொன்னா அது முழுப்பொய் இல்ல. ஆனா கூட 117(2) மாதிரி ஒண்ணு சேந்துட்டா மொத்த கேஸையும் அவங்களே விசாரிக்கலாம். திரும்பவும் எக்ஸ்ரேக்கே வந்து நிக்குது பாருங்க. அதே சட்டத்துல 82ன்னு "உடல்ரீதியான தண்டனை"ங்கிற தலைப்புலயே ஒண்ணு இருக்கு, நெட்ல தேடினா அதுதான் மொதல்ல வரும், அதைப் புடிச்சுக்கிட்டு போகாதீங்க, அது ஹோம் மாதிரி குழந்தைகள் காப்பகங்களுக்கு எழுதினது, சாதாரண ஸ்கூலுக்கு இல்ல. இதைத் தப்பா போட்டு கேஸைக் கெடுத்த வக்கீல்களே இருக்காங்க.

அடிக்கும்போது சாதி பேர் சொல்லித் திட்டினாரா, நீங்க பட்டியல் சாதியா, அதை நீங்க எழுதல. அப்படி நடந்திருந்தா மொத மனுவுலயே எழுதுங்க, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தா விசாரிக்கிறவர் டிஎஸ்பி, ரூட்டே வேற. தொடக்கூடாத இடத்துல தொட்டார்ங்கிற மாதிரி பையன் ஏதாச்சும் சொன்னா அது போக்ஸோ, பிள்ளைங்க மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அப்ப ஒரு நிமிஷம் கூட தாமதிக்கக்கூடாது, தெரிஞ்சும் மறைக்கிற ஸ்கூல் நிர்வாகமே குற்றவாளி ஆயிடும்.

இப்ப ஊர்ல என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். "அடியாத மாடு படியாது", "நாங்கல்லாம் வாங்காத அடியா". எங்கப்பாவே என்னை ஒண்ணாவது சேக்கும்போது வாத்தியார்கிட்ட "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சுடுங்க சார்"னு சொல்லிட்டுத்தான் வந்தார். அந்தப் பேச்சு பெருமைக்குச் சொன்னதா இருக்கலாம், ஆனா கோர்ட்டுல அதுக்கு ஒரு சட்ட வடிவமே இருக்கு: 12 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு, பெத்தவங்க சம்மதத்தோட, நல்ல எண்ணத்துல, அதோட நன்மைக்காகச் செஞ்சது குற்றம் இல்லன்னு பாரதிய நியாய சன்ஹிதா 27 சொல்லுது. வாத்தியார் தரப்பு வக்கீல் இதைத்தான் தூக்கிட்டு வருவார், கூடவே "சின்ன அடிக்கெல்லாம் ஆசிரியரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது"ங்கிற மாதிரி கேரளா ஹைகோர்ட் தீர்ப்புகளையும் காட்டுவார். உங்க பையனுக்கு 12 முடிஞ்சிருக்கிறதால மொத வாதம் அங்கயே அடிபடுது, முடியலன்னாலும் கொடுங்காயத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பிறப்புச் சான்றிதழை எடுத்துத் தயாரா வைங்க.

நம்ம ஊர்ல அடிக்கலாம்னு ஒரு காலத்துல ரூல்லயே இருந்துச்சு, தமிழ்நாடு கல்வி விதிகள்ல 51, அதை 2003லயே மாத்தி அடியைத் தடை பண்ணிட்டாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு 6லேருந்து 14 வயசு வரை அடிக்கவும் கூடாது, மனசைப் புண்படுத்தவும் கூடாதுன்னு சொல்லுது, மீறினா துறை நடவடிக்கை. சிறுபான்மை நிர்வாக ஸ்கூலா இருந்தா 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் காட்டி இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும், கிரிமினல் சட்டத்துக்கு அந்த விலக்கெல்லாம் கிடையாது. அதுக்கப்புறம் 2024 ஏப்ரல்ல சென்னை ஹைகோர்ட், ஸ்கூல்ல அடியை ஒழிக்கிறதுக்கான தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்தோட வழிகாட்டுதலை அமல்படுத்தணும்னு உத்தரவு போட்டு, அதை ஒட்டி பள்ளிக்கல்வித் துறையும் சுற்றறிக்கை விட்டுச்சு. ஒவ்வொரு ஸ்கூல்லயும் கண்காணிப்புக் கமிட்டி இருக்கணும். உங்க லெட்டர்லயே "அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள்"னு ஒரு கேள்வி சேத்து விடுங்க, பதில் வராதுங்கிறதே பின்னாடி உங்களுக்கு உதவும்.

சரி, வக்கீல். உங்ககிட்ட 50,000 கேட்ட மனுஷனை நான் திட்டல, ஆனா ஒண்ணு அவர் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எஃப்ஐஆர் போட்ட கிரிமினல் கேஸை நடத்துறது அரசுத் தரப்பு வக்கீல், ஏபிபின்னு சொல்லுவாங்க, அவருக்கு சம்பளம் குடுக்கிறது அரசாங்கம். நீங்க வைக்கிற வக்கீல் கோர்ட் அனுமதியோட அவருக்கு உதவி பண்ணலாம், அவ்ளோதான். உங்களுக்கு வக்கீல் வேண்டியது மனு எழுத, போலீஸ் நகராதப்போ மாஜிஸ்திரேட்கிட்ட போக, கல்வித்துறை தூங்கினா ஹைகோர்ட்ல ரிட் மனு போட, சமாதானப் பேச்சுக்குக் கூப்பிட்டா பக்கத்துல உக்கார. இந்த நாலுக்கும் இலவசமாவே ஆள் கிடைப்பாங்க.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, 12வது பிரிவு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் இலவச வக்கீல் உரிமை, வருமானம் எவ்ளோன்னு பாக்கக்கூடாது. வீட்டுக்காரர் துபாய்ல சம்பாதிக்கிறார்னு யாராச்சும் இழுத்தா அது செல்லாது, நீங்க பெண், மனு உங்க பிள்ளைக்காக, ரெண்டு பக்கமும் தகுதி இருக்கு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் மாவட்ட கோர்ட் வளாகத்துக்குள்ளயே இருக்கும், தாலுகா கோர்ட்டுல வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், பக்கமா எது இருக்கோ அங்க போங்க. முன்னாடி ஒரு ஹெல்ப் டெஸ்க், பாரா லீகல் வாலன்டியர்னு சட்ட உதவித் தொண்டர் ஒருத்தர் உக்காந்திருப்பார், வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தாலே போதும், எழுதத் தெரியலன்னா அவரே எழுதுவார். போறதுக்கு முன்னாடி 15100க்கு ஃபோன் பண்ணிக் கேட்டுக்கலாம். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், காப்பி செலவு எதுவும் நீங்க குடுக்க வேண்டாம். "லீகல் எய்டு டிஃபன்ஸ் கவுன்சில்"னு ஒரு போர்டு இருக்கும், அது குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு, அங்க போய் நிக்காதீங்க, "எனக்கு பேனல் வக்கீல் வேணும், குழந்தைகள் கேஸ் பாத்தவரா"ன்னு கேளுங்க.

இலவசம்னா தரம் இருக்காதேன்னு நெனப்பீங்க. பொய் சொல்ல மாட்டேன், எங்க பேனல்ல நல்லவங்களும் இருக்காங்க, ஃபைலைத் திறக்கவே திறக்காதவங்களும் இருக்காங்க. ஆள் சரியில்லன்னா, இல்ல தனியா காசு கேட்டார்னா, ஆணைக்குழு செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்து மாத்திக்கலாம். அந்தச் செயலாளர் ஒரு நீதிபதிங்கிறதால அந்த மனுவுக்கு மதிப்பு உண்டு. திண்டுக்கல்னா ஹைகோர்ட் மதுரைக் கிளை, அங்கயும் தனியா சட்டப்பணிகள் குழு இருக்கு, ரிட் போடணும்னா அவங்க பாத்துக்குவாங்க. காசு குடுத்தே வக்கீல் வைக்கிறதா இருந்தா எந்தெந்த வேலைக்கு எவ்ளோன்னு எழுதி வாங்குங்க, பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்க, ஆதாரங்களை ஒரிஜினலா கையில குடுக்காதீங்க. "ஜட்ஜ் நம்ம ஆளு"ன்னு சொல்றவரா இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க.

கோர்ட்டுக்கு வெளியவும் கதவு இருக்கு. மெட்ரிக் ஸ்கூல்ங்கிறதால தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல முதன்மைக் கல்வி அலுவலர், ரெண்டு பேருக்கும் மனு, நகல் கலெக்டருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுத்தா பதிவு எண்ணோட ரசீது வரும், அந்த எண் இருக்கிற மனுவை கீழ இருக்கிற ஆபீஸ் சும்மா தூக்கிப் போட முடியாது. பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417, குழந்தைகளுக்கு 1098, ராத்திரி பகல் எப்ப வேணாலும். 1098ல சொன்னா மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும், அங்கேருந்து ஆள் வந்து பையனைப் பாப்பாங்க, கவுன்சிலிங்கும் கிடைக்கும். ஸ்கூல் பேக்கைப் பாத்தாலே வயித்தைப் பிடிச்சுக்கிறான்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்னால செக்ஷன் சொல்ல முடியாது, ஆனா கவுன்சிலர் உதவுவார். இதெல்லாம் நகரலன்னா சென்னையில மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், தபால்ல அனுப்பலாம், விசாரணைக்கு ஆளை வரவழைக்க சிவில் கோர்ட் மாதிரி அதிகாரம் இருக்கு. தண்டனை அவங்க குடுக்க மாட்டாங்க, பரிந்துரைதான், ஆனா ஆணையத்துலேருந்து நோட்டீஸ் வந்துச்சுன்னா ஸ்கூல் தாளாளர் குரல் இறங்கும்.

டிசி மிரட்டலுக்குப் பயப்படாதீங்க. எட்டாவது முடிக்கிற வரை எந்தப் பிள்ளையையும் வெளிய அனுப்பக்கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 16. நீங்களா கோவத்துல "குடுங்க டிசி"ன்னு எழுதிக் குடுத்துடாதீங்க, அதுக்காகத்தான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. உங்க தம்பி பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போய் கேக்கறேன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க, ஸ்கூலுக்குள்ள புகுந்து கலாட்டான்னு எதிர் மனு குடுத்தா ரெண்டு பக்கமும் எஃப்ஐஆர், கடைசில ரெண்டையும் சேத்து வாபஸ் வாங்குங்கன்னு பஞ்சாயத்துதான் நடக்கும். கவர்மென்ட் ஸ்கூலா இருந்தா இன்னும் மோசம், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாம தடுத்தார்னு நியாய சன்ஹிதா 132ல ஜாமீன் இல்லாத கேஸ் வரும்.

சமாதானத்துக்கு வருவாங்க, அநேகமா அடுத்த வாரமே. சமாதானமே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், பையன் அங்கயே படிக்கணும்னா அதுவும் ஒரு யோசனைதான். ஆனா ஏஆர் காப்பி கையில வர்றதுக்கு முன்னாடி பேசாதீங்க. வெள்ளைத்தாள்ல கையெழுத்து போடாதீங்க. "ஆஸ்பத்திரி செலவு குடுத்துடுறோம்"னா அது எழுத்துல, அந்த ஆசிரியர் இந்த வகுப்புக்கு வரமாட்டார்னும் எழுத்துல, மன்னிப்பு பையன்கிட்டயே நேர்ல. அதே நேரத்துல ரொம்பவும் இழுக்க வேண்டாம், 115(2) மட்டும்னா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் கோர்ட் ஃபைல்ல ஏறணும், பேசிக்கிட்டே இருந்து அந்த ஒரு வருஷத்தை விட்டவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர்.

ஆக இன்னைக்கு ஜிஹெச், நாளைக்கு லெட்டர் எழுதி வைங்க, மனுவும் எழுதிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க, திங்கட்கிழமை காலைல லெட்டரைத் தபால்ல போட்டுட்டு கலெக்டர் ஆபீஸ், அங்கேருந்து கோர்ட் வளாகம். பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, உங்க ஆதார், ஏஆர் காப்பி, சிஎஸ்ஆர், எல்லாத்துலயும் அஞ்சு ஜெராக்ஸ். எக்ஸ்ரே ஃபிலிமை மட்டும் மடிக்காம பெரிய கவர்ல கொண்டு போங்க, கேக்கிற ஆபீஸ்ல எல்லாம் காட்டுங்க, யார்கிட்டயும் குடுத்துட்டு வராதீங்க.